மஞ்சள் கல் வரைக்கும்

ரேணுகாவுக்குக் கோபம் வந்தால் காலில் செருப்பு இருக்கிறதா இல்லையா என்பதுகூடத் தெரியாது. அன்றைக்கும் தெரியவில்லை. பங்குனி வெயிலில், மரக்காணம் பஜார் ரோட்டில், வெறுங்காலோடு குட்டியானை லோடு வண்டியிலிருந்து குதித்து, "இங்கதான், இறக்குங்க வண்டிய" என்று கத்தினாள்.

டிரைவரும் டீக்கடையில் நின்ற ஒருவரும் சேர்ந்து மோட்டார் பைக்கை இறக்கினார்கள். முன்சக்கரம் கோணிப்போய், ஹெட்லைட் உடைந்து, பார்க்கவே பாவமாக இருந்தது. வண்டிக்குச் சொந்தக்காரன் மணிவண்ணன், இடது கையைத் தூளியில் போட்டுக்கொண்டு, குட்டியானையின் முன்சீட்டிலிருந்து மெதுவாக இறங்கினான். அவனை ஏற்றி வந்ததே ரேணுகாதான். கூப்பிட்டு ஏற்றவில்லை, "ஏறு" என்று சொல்லி ஏற்றினாள். 'அண்ணா' என்று வாய் நிறையக் கூப்பிட்ட பக்கத்து வீட்டுக்காரன் ஒன்பது நாளாக வெறும் 'நீ' ஆகியிருந்தான்.

ஒன்பது நாளுக்கு முன்னால் காலை ஆறேகால் மணிக்கு, உப்பளத்தில் பம்ப் ஓட்டப் போகும் மணிவண்ணன், எப்போதும் போல ரேணுகாவின் அம்மா சாலம்மாளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போனான். சாலம்மாள் அதே உப்பளத்தில் உப்பு வாருகிறவள். நடந்தால் முக்கால் மணி நேரம். அந்தக் கிழட்டுக் காலோடு நடக்க வேண்டாமென்று மூன்று வருஷமாக அவன்தான் ஏற்றிப் போவான். அன்றைக்கு உப்பு ரோட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஒரு உப்பு லாரி ஏற, பைக் அதன் வயிற்றில் போய் இடித்தது. அவனுக்குக் கை. அவளுக்கு இடுப்பு. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் சாலம்மாளுக்கு வண்டியில் ஏறியது வரைதான் ஞாபகம். இனி எழுந்து நடப்பாளா என்று கேட்டால் டாக்டர் கூரையைப் பார்க்கிறார்.

லாரிக்காரர் பஞ்சநாதன் இரண்டாம் நாளே ஆஸ்பத்திரிக்கு ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்தார். நல்ல மனுஷன் மாதிரி தலைமாட்டில் நின்று, வராண்டாவுக்கு வந்ததும் ரேணுகாவிடம் குரலைத் தாழ்த்தினார். "என் டிரைவர் பார்த்தாம்மா. இவன் தூங்கிட்டே வந்தானாம். ராத்திரி பூரா அம்மன் கோயில் கூத்து பார்த்தவன் வேற என்ன பண்ணுவான்? ரோட்டுல டயர் தேஞ்ச தடம் ஒண்ணு இருக்கா? பிரேக்கே போடலம்மா. வண்டியில கேமரா மாட்டியிருக்கான் இல்ல, அதைக் கேளு. கேட்டா இல்லேம்பான்."

கேட்டாள். கேமராவில் இடித்தது இல்லை. அதற்கு மூன்று நான்கு செகண்டு முன்னால், லாரி மூக்கை நீட்டும் இடத்தோடு படம் நின்றிருந்தது. முந்தின நாள் படங்களைப் பார்த்தால் அதிலும் நடுநடுவே ஓட்டை. கரையான் அரித்த பனையோலை மாதிரி இருந்தது அந்த மெமரி கார்டு. எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றியது போல் ஆயிற்று அவளுக்கு.

போலீஸ் ஸ்டேஷனில் மணிவண்ணன், "கேமரா அப்பப்ப தானா நின்னுடும் சார், சூட்டுனாலன்னு நினைச்சேன்" என்று சொல்லியிருந்தான். ரைட்டர் ரேணுகாவிடம், "வயரிங் பண்ணவங்ககிட்ட தானா நிக்குமா நிக்காதான்னு எழுதி வாங்கிட்டு நாலு மணிக்குள்ள வாம்மா. உன் வாக்குமூலத்தோட சேர்த்து இன்னிக்கே முடிச்சிடறேன்" என்று சொல்லிவிட்டார். அவள் வாக்குமூலம் மடியில் தயாராக இருந்தது. தூங்கிக்கொண்டே ஓட்டி, என் தாயாரோடு லாரியில் இடித்தார், கேமராப் பதிவை அழித்தார் என்று அதில் எழுதியிருந்தது. கையெழுத்துதான் பாக்கி. போட்டால் கேஸ் முழுக்க மணிவண்ணன் தலையில் விழும்.

*

ஜான்சி கடையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் ரோட்டில்தான் நிற்க வேண்டும். பேட்டரி, ஹாரன், வயர் சுருள்களுக்கு நடுவே, மூக்கு நுனியில் கண்ணாடியோடு, ஈயப் பற்று வைத்துக்கொண்டிருந்த ஜான்சிக்கு நாற்பது வயது இருக்கும். சுற்றுவட்டாரத்தில் வண்டிக்கு வயரிங் என்றால் அவள்தான். அவளுக்கும் கோபத்துக்குக் குறைச்சல் இல்லை. கார்த்திகை மாசத்தில் இந்த கேமராவுக்கு வயரிங் செய்து கொடுத்தது அவளே.

"அக்கா, ஒரே கேள்வி. நீங்க போட்ட கேமரா தானா நிக்குமா?"

ஜான்சி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "நான் போட்ட வயரிங் எதுக்கும்மா தானா நிக்குது?"

"கேட்டியா?" என்று மணிவண்ணன் பக்கம் திரும்பினாள் ரேணுகா. "கேட்டுக்கிட்டியா? அதை எழுதிக் கொடுங்கக்கா. தானா நிக்காது, யாரோ நிறுத்தினாத்தான் நிக்கும்னு."

"செக் பண்ணாம ஒரு எழுத்து எழுத மாட்டேன்."

"இப்பதானே சொன்னீங்க நிக்காதுன்னு!"

"வாயால சொல்றது வேற, கையால எழுதறது வேற. எழுதினா என் பேரு. தள்ளி நில்லு, வெளிச்சத்த மறைக்கிற."

ஜான்சி ரோட்டிலேயே குந்தி உட்கார்ந்தாள். ஃபியூஸைப் பிடுங்கி வெயிலில் பார்த்தாள், நன்றாக இருந்தது. சாவியைப் போட்டாள். கண்ணாடிக் கம்பியில் கட்டியிருந்த கேமராவில் சிவப்புப் பொட்டு எரிந்தது. அவ்வளவு அடி வாங்கிய வண்டியில் அந்தப் பொட்டு மட்டும் ஒன்றும் நடக்காதது மாதிரி எரிந்ததைப் பார்க்க ரேணுகாவுக்கு வயிறு எரிந்தது. ஜான்சி வயரை ஆட்டினாள். இழுத்தாள். ஹேண்டிலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள். டேங்கில் ஓங்கி ஒரு அறை அறைந்தாள். பொட்டு அசையவில்லை.

"பாத்தீங்களா? நிக்கல. படத்துல இருக்கிற ஓட்டையெல்லாம் அழிச்சதுதான். எழுதுங்க."

மணிவண்ணன் வாயைத் திறந்தான். "ரேணுகா, நான் அழிக்க..."

"பேசாத! அந்தக் கிழவி உன்னை புள்ள புள்ளன்னு கூப்பிட்டுச்சு. பேசாத நீ."

டீக்கடையில் நின்றவர்கள் கிளாஸோடு இந்தப் பக்கம் நகர்ந்து வந்தார்கள். ஊரான் வீட்டுச் சண்டை கண்ணுக்குக் குளிர்ச்சி. ஜான்சி மட்டும் யாரையும் பார்க்காமல், "அந்த ஓட்டைன்னியே, அதைக் காட்டு" என்று கையை நீட்டினாள்.

ரேணுகா போனை நீட்டினாள். கார்டில் இருந்த எல்லாவற்றையும் அதில் ஏற்றி வைத்திருந்தாள், சாட்சிக்கு. ஜான்சி முந்தின நாள் படங்களில் ஒவ்வொன்றின் கடைசித் துண்டையும் ஓட்டிப் பார்த்தாள். நான்கு பார்த்தபின் நெற்றி சுருங்கியது.

"ஏம்மா, இது எந்த இடம்?"

"பள்ளிக்கூடத்து ஸ்பீட் பிரேக்கர்."

"இது?"

"மாதா கோயில் வளைவு."

"இது?"

"கருவாடு காயப்போடற இடம். நாய் குறுக்க வருது, தெரியல?"

"நாய் குறுக்க வர்றதை எதுக்கும்மா ஒருத்தன் உக்காந்து அழிக்கணும்?"

பதில் இல்லாதபோது கோபம் இன்னும் கொஞ்சம் ஏறுவது ரேணுகாவின் வழக்கம். "எனக்கென்ன தெரியும்? அழிச்சவனைக் கேளுங்க" என்றாள்.

ஜான்சி அவனைத்தான் கேட்டாள். "ஏம்பா, இந்த இடத்துல எல்லாம் நீ என்ன பண்ணுவ?"

"என்னக்கா பண்ணுவேன்... பிரேக் போடுவேன்."

ஜான்சி போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தாள். வண்டியின் வலது பக்கம் போய், கால் பிரேக்கை மிதித்தாள். பின்னால் பிரேக் லைட் மங்கலாக, சீக்குக்காரன் கண் மாதிரி எரிந்தது. முன்னால் சிவப்புப் பொட்டு அணைந்தது.

காலை எடுத்தாள். பத்து செகண்டு கழித்துப் பொட்டு வந்தது. மிதித்தாள், போயிற்று. டீக்கடையிலிருந்து வந்தவர்களில் யாரோ 'அட' என்றார்.

"திருட்டு முண்டம்" என்று ஜான்சி கேமராவைத் திட்டினாள். யாரைத் திட்டுவது என்று தெரியாததால் அதைத் திட்டினாள். தன் வேலையில் ஒரு குறை, அதுவும் பஜார் நடுவில், அதுவும் பத்துப் பேர் முன்னால். மூஞ்சி சிவந்துவிட்டது. மீட்டரை எடுத்துப் பேட்டரியில் வைத்தாள், பன்னிரண்டரை வோல்ட். கேமராவுக்குக் கரண்ட் போகும் இடத்தில் வைத்தாள், பதினொன்று. "மிதி" என்றாள். ரேணுகா தன்னையறியாமல் பிரேக்கை மிதித்தாள். மீட்டர் பதினொன்றிலிருந்து ஐந்துக்கு விழுந்தது.

"எர்த்து" என்றாள் ஜான்சி. சீட்டைக் கழற்றி வீசாத குறையாக வைத்தாள். அடியில் சட்டத்தில் ஒரு போல்ட். பிரேக் லைட்டின் கறுப்பு வயரும் கேமராவின் கறுப்பு வயரும் அங்கேதான் வந்து சேர்ந்திருந்தன. ஸ்பேனரைப் போட்டுத் திருகினாள். போல்ட் வந்தது. அடியில் இருக்க வேண்டிய வெள்ளை இரும்பு இல்லை. செக்கச்செவேலென்று, சட்டம் முழுக்க, போல்ட் உட்காரும் இடம் முழுக்க, வயர் வளையத்தின் இரண்டு பக்கமும், கெட்டியாக ரெட் ஆக்சைடு பெயின்ட்.

ஜான்சிக்கு அப்போதுதான் முழுக் கோபம் வந்தது. "எந்த அறிவுகெட்ட ஜென்மம்டா இதுல பெயின்ட் அடிச்சது? நான் சுரண்டி வெள்ளையாக்கி முடுக்கின இடம் இது! கரண்ட் போறதுக்கு ஒரு வழி இருக்குன்னா திரும்பி வர்றதுக்கு இந்த போல்ட்தான் வழி. வழியில பெயின்ட்டை அப்பிட்டா? கேமரா மட்டும் ஓடினா எப்படியோ இண்டு இடுக்குல வந்துடும். பிரேக் லைட்டும் சேர்ந்து எரிஞ்சா ரெண்டுக்கும் பத்தாது, கேமரா செத்துடும். யாரு அடிச்சது? சொல்லு!"

மணிவண்ணன் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. "தெரியலக்கா. பொங்கலுக்குத் தெருவுல எல்லாரும்தான் அடிச்சோம்."

அவனுக்குத் தெரியும். ரேணுகாவுக்கும் தெரியும்.

உப்பளத்துத் தெருவில் மாடு கிடையாது. உப்புக் காற்றில் புல் எங்கே முளைக்கும், மாடு எங்கே வளர்க்க? அதனால் மாட்டுப் பொங்கல் அன்றைக்கு, மற்ற ஊரில் கொம்புக்குப் பெயின்ட் அடிக்கிற நேரத்தில், இவர்கள் இரும்புக்கு அடிப்பார்கள். பம்ப் செட்டு, மண்வெட்டி, சைக்கிள், மோட்டார் பைக். வருஷத்தில் ஒரு நாள் ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி, அடியிலும் பூசி, திரும்ப முடுக்கி, மாலை போட்டு, பொங்கலை ஊட்டுவது போல் ஹேண்டிலில் ஒரு பொட்டு ஒட்டுவார்கள். மேலாகப் பூசினால் உப்பு அடியில் புகுந்து தின்னும் என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும். இந்த வருஷம் மணிவண்ணனின் வண்டிக்கு அடித்தது ரேணுகா. அவன் வேண்டாம் என்றான். "எங்கம்மாவ மூணு வருஷமா சுமக்குது, அதுக்கு நான் ஒரு நாள் செய்யக் கூடாதா?" என்று ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டு, காலையிலிருந்து மதியம் வரை உட்கார்ந்து, ஒரு போல்ட் விடாமல் அடித்தாள். சீட்டுக்கு அடியில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று அவன் மனைவி சிரித்ததற்கு, "நான் பார்ப்பேன்" என்று சொன்னதும் ரேணுகாவேதான்.

ஒன்பது நாளாக யார் மேல் எறியலாம் என்று கையில் வைத்துச் சுற்றிய கல், திரும்பி வந்து அவள் மண்டையிலேயே விழுந்தது. அதைவிட, அவன் 'தெரியல' என்று சொன்னதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு வாங்கிக் கட்டிக்கொண்டும் காட்டிக் கொடுக்காமல் நிற்கிறானே, இந்த மனுஷனுக்குச் சூடு சொரணை கிடையாதா?

போன் அடித்தது. பஞ்சநாதன்.

"என்னம்மா, கையெழுத்து போட்டாச்சா? நாலு மணிக்குள்ளயாம். நானே கார் அனுப்பவா?"

"உங்க காரு வேணாம்."

"ஏம்மா ஒரு மாதிரி பேசற?"

"இனிமே இப்படித்தான் பேசுவேன். வைங்க."

வைத்துவிட்டு, போனை யாரோ பிடுங்கிவிடுவார்கள் என்பது போல நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். பிறகு கடைசிப் படத்தைப் போட்டாள். நூறு தடவை பார்த்த படம். அழித்தவன் எங்கே வெட்டினான் என்று தேடிப் பார்த்த படம். வேறு கண்ணால் அதைப் பார்த்ததே இல்லை.

மெயின் ரோடு ஓடி வருகிறது. இரண்டு பக்கமும் பாத்தி, விடியல் வெளிச்சம், தூரத்தில் உப்புக் குவியல்கள். இடது ஓரத்தில் மஞ்சள் தலை வைத்த மைல் கல் வருகிறது. தூரத்தில், உப்பு ரோட்டு வாயில், லாரியின் மூக்கு லேசாக எட்டிப் பார்க்கிறது. மஞ்சள் கல் படத்தின் ஓரத்துக்கு வந்து சேர்கிறது. அதோடு இருட்டு.

"அக்கா," என்றாள். "கேமரா எப்ப அணையும்?"

"பிரேக்ல கால் வச்ச அந்த நிமிஷம்தான். அதுவரைக்கும் எடுத்ததை சேவ் பண்ணிட்டு அணையும்."

"அப்ப மஞ்சள் கல்லுல..."

"மஞ்சள் கல்லுல கால் வச்சிருக்கான்."

அந்தக் கல்லிலிருந்து உப்பு ரோட்டு வாய்க்கு நூறு அடி. ரேணுகா பள்ளிக்கூட வயசிலிருந்து அம்மாவுக்குச் சாப்பாடு தூக்கிக்கொண்டு நடந்த ரோடு, அவளுக்கு அளந்து பார்க்க வேண்டாம். தூங்குகிறவன் நூறு அடிக்கு முன்னால் பிரேக் போட மாட்டான். லாரி மூக்கை நீட்டியதுமே போட்டிருக்கிறான். அப்புறம் ஏன் நிற்கவில்லை, ஏன் ரோட்டில் தடம் இல்லை? அதுவும் அவளுக்குத் தெரிந்ததுதான். ஈர உப்பை ஏற்றிக்கொண்டு வருகிற லாரி எல்லாம் அந்த வாயில்தான் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் திரும்பும். விடியற்காலையில் அங்கே ரோடு எண்ணெய் தடவினது போல இருக்கும். 'அந்த எடத்துல காலு வழுக்குதுடி' என்று அம்மா எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள். பஞ்சநாதன் லாரி சிந்திய தண்ணீர், பஞ்சநாதன் டிரைவர் பார்க்காமல் ஏறிய ரோடு. அந்த ஆள் கொண்டுவந்த ஆப்பிளை அவள் தோல் சீவி, அம்மாவுக்கு ஊட்டி, மிச்சத்தைத் தானும் தின்றிருந்தாள்.

இதற்குள் ஜான்சி உப்புத்தாளை எடுத்துவிட்டாள். தன் பேரைக் கெடுத்த பெயின்ட்டை ஒரே தேய்ப்பில் ஒழித்துக்கட்டுகிற வேகத்தில் சட்டத்தின் மேல் கை போனது.

"கை வைக்காதீங்க!"

கத்திய கத்தலில் டீக்கடையில் ஒருவர் கிளாஸைப் போட்டுவிட்டார். ரேணுகா ஜான்சியின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். "சுரண்டாதீங்கக்கா. சுரண்டிட்டா கேமரா நல்லா ஓடும். நல்லா ஓடினா இவரு பிரேக் போட்டதுக்கு வேற என்ன சாட்சி இருக்குது? அப்படியே முடுக்குங்க. பெயின்ட்டோட முடுக்குங்க."

ஜான்சி உப்புத்தாளைக் கீழே போட்டாள். பிறகு சிவப்போடு சிவப்பாக அந்தக் கெட்ட போல்ட்டைத் திரும்ப முடுக்கினாள். இத்தனை வருஷத் தொழிலில் தெரிந்தே ஒரு பழுதை அப்படியே விட்டு முடுக்கியது அன்றைக்குத்தான். பிரேக்கை ஒரு தடவை மிதித்து, பொட்டு அணைகிறதா என்று பார்த்துக்கொண்டாள். பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதினாள்: கால் பிரேக் மிதித்தால் மட்டும் கேமரா நிற்கிறது, காரணம் எர்த்து போல்ட்டுக்கு அடியில் பெயின்ட், வேறு எதனாலும் நிற்கவில்லை. கையெழுத்துப் போட்டு, கடை சீலும் குத்தினாள். "ஏத்துங்கய்யா வண்டிய, நானும் வர்றேன்" என்று ஷட்டரை இழுத்தாள்.

*

ஸ்டேஷன் வாசலில் வேப்பமர நிழலுக்கு வெளியேதான் வண்டியை நிறுத்த இடம் இருந்தது. ரைட்டர் சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். ஜான்சி விளக்கினாள். அவர் பாதியில், "மிதிச்சுக் காட்டும்மா" என்றார்.

ரேணுகா வெறுங்காலால் மிதித்தாள். அணைந்தது. எடுத்தாள். பத்து செகண்டு எல்லாரும் அந்தப் பொட்டு இருந்த இடத்தையே பார்த்தார்கள். வந்தது. மிதித்தாள். அணைந்தது. ரைட்டர் தானே ஒரு தடவை மிதித்துப் பார்த்தார். கடைசிப் படத்தை மூன்று தடவை ஓட்டச் சொல்லி, மஞ்சள் கல்லின் நம்பரைக் குறித்துக்கொண்டார். "அந்த இடத்தை அளந்து பாக்கணும். உப்புத் தண்ணியும் பாக்கணும்" என்று தனக்குள் சொன்னார். பிறகு பேனாவை நிறுத்தி, "இந்த பெயின்ட்ட அடிச்சது யாரு?" என்றார்.

"தெருவுல பொங்கலுக்கு எல்லாரும்தான் சார்..." என்று மணிவண்ணன் ஆரம்பித்தான்.

"நான்தான் சார்," என்றாள் ரேணுகா. "நான்தான் அடிச்சேன். இந்தக் கையால, ஒரு போல்ட் விடாம அடிச்சேன். எழுதுங்க. நான் சொன்னதா எழுதுங்க, கையெழுத்து போடறேன்."

மடியிலிருந்த பழைய வாக்குமூலத்தை எடுத்து நான்காகக் கிழித்தாள். நான்கும் போதாமல் எட்டாகக் கிழித்தாள். ரைட்டர் புதுத் தாள் எடுக்க உள்ளே போனார், ஜான்சியும் சீல் வைத்த தாளோடு பின்னால் போனாள்.

வெயிலில் இருவர் மட்டும் நின்றார்கள். அடக்கி வைத்தது எல்லாம் அப்போது வெடித்தது. "உனக்கு வாய் இல்லையா அண்ணா? நான் நாயைத் திட்டற மாதிரி திட்டறேன், ஊரே பாக்குது, நீ மரம் மாதிரி நிக்கிற! பிரேக் போட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைக்கக் கூடாதா? ஒரே ஒரு வார்த்தை!"

மணிவண்ணன் தன் செருப்பைக் கழற்றி, நல்ல கையால் எடுத்து, அவள் கால் பக்கத்தில் வைத்தான். தரை கொதித்துக்கொண்டிருந்தது.

"சொன்னேனே ரேணுகா," என்றான். "ஆஸ்பத்திரி படிக்கட்டுல. முதல் நாளே சொன்னேன்."

அவளுக்கு அந்தப் படிக்கட்டு ஞாபகம் வந்தது. தூளி கட்டின கையோடு அவன் எழுந்து நின்றது, "பிரேக் போட்டேன் ரேணுகா, நிக்க..." என்று ஆரம்பித்தது, தான் கையிலிருந்த டிபன் கேரியரை அவன் காலடியில் விட்டெறிந்தது, சாம்பார் படியெல்லாம் ஒழுகியது, எல்லாம் வந்தது. செருப்பைப் போட்டுக்கொள்ளாமல் அந்தக் கொதிக்கிற தரையிலேயே நின்றாள்.